பெறுபேறு வருமுன்னே



உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் நாளில் தெமட்டகொடையில் இருவகை வீடுகளைக் காணலாம். ஒரு வீட்டிலிருந்து அயலாருக்குப் பலகாரத் தட்டுப் போகும். மற்ற வீட்டில் முன்கதவு சாத்தியிருக்கும். பேஸ்லைன் வீதியில் பஸ்கள் வழக்கம்போல் இரைகின்றன. இரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கத்தால் வண்டிகள் ஓடுகின்றன. சாத்திய கதவுக்குள்ளே ஒரு பிள்ளை தகப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. "நான் இன்னும் உங்கள் பிள்ளைதானா?" என்பது அதன் கேள்வி. வாய்திறந்து அது கேட்பதில்லை.

இந்தக் கேள்வியை உளவியலின் நடுவே கொண்டுவந்து வைத்தவர்களுள் முக்கியமானவர் கார்ள் றொஜர்ஸ் என்னும் அமெரிக்கர் (1902–1987). கண்டிப்பான புரொட்டஸ்தாந்துக் குடும்பத்தில் பிறந்தவர். நியூயோர்க்கில் இறையியல் கல்லூரியொன்றில் இரண்டு வருடம் படித்து, பின் உளவியலுக்கு மாறினார். றொச்செஸ்ரர் நகரில் சிக்கலுற்ற பிள்ளைகளோடு பன்னிரண்டு வருடங்கள் பணிபுரிந்தார். மனிதனை அடிமன ஆசைகள் இழுத்துச் செல்கின்றன என்றார் புறொய்ட். பரிசும் தண்டனையுமே அவனை உருவாக்குகின்றன என்றது இன்னொரு சாரார் கட்சி. றொஜர்ஸும், 1943இல் மனிதத் தேவைகளைப் படிப்படியாக வகுத்துக் காட்டிய ஆபிரகாம் மாஸ்லோவும் மூன்றாவது பாதையில் நடந்தனர். மானிடவாத உளவியல் என்று அதைச் சொல்வார்கள். (மாஸ்லோவின் பெயரில் பாடநூல்களில் வரும் கூம்புப் படத்தை அவர் வரையவில்லை, பிற்காலத்தவர் வரைந்தது.)

றொஜர்ஸ் சிறுவயதில் கண்ட காட்சியொன்றைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். குளிர்காலத்துக்கென நிலவறையில் போட்டுவைத்த உருளைக்கிழங்குகள் அந்த இருட்டிலும் முளைவிட்டன. வெளிறிப்போன அந்த முளைகள், எட்டத்திலிருந்த சிறு ஜன்னலின் வெளிச்சத்தை நோக்கி அடிக்கணக்கில் நீண்டு வளைந்தனவாம். செடியாகும் வாய்ப்பு அவற்றுக்கு இல்லை. ஆயினும் முயற்சியை விடவில்லை. கோணிப்போன மனிதரிடமும் அவர் கண்டது இந்த முயற்சியைத்தான்.

அப்படியானால் முளை கோணுவதேன்? நாம் அன்புக்கு விலை குறிப்பதனால் என்கிறார். "முதலாம் பிள்ளையாய் வந்தால் அப்பாவின் செல்லம்." "உனக்காக எவ்வளவு செலவழித்தோம், மாமாவின் மகனைப் பார்." இவற்றைக் கேட்டு வளரும் பிள்ளை, எப்படி இருந்தால் தன்னை ஏற்பார்களோ அப்படி நடிக்கப் பழகிக்கொள்கிறது. சித்திரத்தில் மனம் வைத்த பிள்ளை உயிரியல் ரியூஷனுக்குப் போய் வரும். தனக்கு விருப்பம் என்றே சொல்லும். சில வருடங்களில் தன் விருப்பம் எதுவென்றே அதற்குத் தெரியாமற் போய்விடும். இதற்கு மருந்தாக அவர் கேட்டவை மூன்று: உள்ளொன்று புறமொன்று இல்லாத நேர்மை, நிபந்தனையில்லாத மதிப்பு, மற்றவரின் மனத்துள் நின்று உணரும் பரிவு.

"சுவாமி, கண்டியாமல் விட்டால் பிள்ளை கெட்டுப்போகாதா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சக்கேயுவை எண்ணிப்பாருங்கள். எரிக்கோவில் மரத்தின்மேல் இருந்த அந்த வரிவசூலிப்பவனிடம் ஆண்டவர் முதலில் கணக்குக் கேட்கவில்லை. அவன் வீட்டில் தங்க வருவதாகச் சொன்னார். ஏமாற்றிப் பெற்றதை நாலு மடங்காய்த் திருப்பிக் கொடுப்பதாக அவன் சொன்னது அதன் பிறகே. யோர்தானிலும் அவ்வாறே. பிதாவின் குரல் யேசுவை அன்பு மகன் என்று அறிவித்தபோது அவர் பகிரங்கப் பணியைத் தொடங்கவே இல்லை. காட்டுவதற்குப் பெறுபேறு எதுவும் இல்லை.

றொஜர்ஸ் சொன்ன யாவற்றையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. மனிதனின் அடிமனம் நம்பத்தக்கது என்று அவர் உறுதியாய் இருந்தார். 1957இல் யூத அறிஞர் மார்ட்டின் பூபர் ஒரே மேடையில் இதே இடத்தில் அவரோடு முரண்பட்டார். ஜென்மபாவத்தின் காயத்தை அறிந்த நமக்கும் அந்தத் தயக்கம் உண்டு. கிழங்கு தன் பலத்தினால் மட்டும் செடியாகாது. வெளிச்சம் வெளியிலிருந்து வரவேண்டும்.

நம் நாட்டில் இது புத்தக விஷயமல்ல. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரை மாய்த்தனர். பின்னர் அந்த எண்ணிக்கை பெரிதும் குறைந்ததற்குக் கொடிய பூச்சிநாசினிகளைத் தடைசெய்தது முக்கிய காரணம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டம் 1998இல் நீக்கப்பட்டது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1974இல், கொழும்பில் ஜோன் டி மெல் அம்மையார் சுமித்ரயோவைத் தொடங்கினார். அங்கே தொண்டர்கள் புத்திமதி சொல்வதில்லை, சமயம் போதிப்பதில்லை. வருபவர் சொல்வதைத் தீர்ப்பிடாமல் கேட்கிறார்கள். கேட்டதை வெளியே சொல்வதில்லை. அந்நியர் ஒருவர் செய்யக்கூடிய இதைப் பெற்றோராகிய நம்மால் ஒரு மாலைப்பொழுதாவது செய்யமுடியாதா? நம்முள் பலருக்கு, பிள்ளை இரண்டாம் வாக்கியத்தைச் சொல்லுமுன்னே புத்திமதி வாய்க்கு வந்துவிடுகிறது.

இவ்வருடமும் பெறுபேறு வரும். மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிப்பதா, இரண்டாம் தடவை எழுதுவதா, தொழிற்பயிற்சிக்குப் போவதா என்பவற்றை மறுநாள் பேசலாம். அன்றிரவு கோப்பையில் சோற்றைப் போட்டுவிட்டு, பிள்ளையைப் பெயர்சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.