வதிவிட உரிமையும் வாய்மையும்: ஒரு நோக்கு

பிறநாட்டுப் பிரசை ஒருவரை மணந்தவர், தம் வாழ்க்கைத் துணையோடு சேர்ந்து வாழும்பொருட்டு அந்நாட்டில் வதிவிட உரிமை கோரி விண்ணப்பிக்குமிடத்து, அவரை நோக்கி எழுப்பப்படும் முதன்மையான வினா, ‘உமது திருமணம் மெய்யானதுதானா?’ என்பதாகும். இதற்கு விடை கூறுவது எளிது, நிறுவுவதே அரிது. இருவர் உள்ளத்துள் நிகழ்ந்த ஒன்றை, அவ்விருவரையும் முன்பின் அறியாத மூன்றாமவர் ஒருவருக்குக் கடதாசிகளைக் கொண்டு காட்டவேண்டியுள்ளது. உண்மையொன்றை நிலைநாட்டுவதற்காகப் பொய்யைத் துணைக்கொள்ளலாமா என்னும் பழைய அறவியற் பிரச்சினை, இவ்வாறாக நம்மவர் பலருடைய வீட்டு மேசைமீது ஒரு விண்ணப்பப் படிவத்தின் உருவில் வந்து கிடக்கின்றது. இதனை வெளியில் நின்று ஆராயும் தகுதி எனக்கில்லை. அத்தகைய படிவமொன்றை என் கையாலேயே நிரப்பியவன் நான்.

என் தமக்கையாரின் திருமணம் எமது தந்தையார் காலமாகி எட்டாம் மாதத்தில் நிகழ்ந்தது. ஆட்டைத் திவசம் முடியும்வரை பொறுத்திருக்கவே வீட்டில் எல்லோரும் விரும்பினர். ஆயினும் மாப்பிள்ளைக்குக் கிடைத்த விடுமுறை மூன்று வாரம் மட்டுமே; அதனை விட்டால் மறு விடுமுறை எப்போது என்பது தெரியாது. ஆகவே கோயிலில் வைத்துத் தாலி கட்டுவதென முடிவாயிற்று. வந்திருந்தோர் பதினொருவர், ஐயரையும் சேர்த்துப் பன்னிருவர். மேளம் இல்லை, பந்தி இல்லை. மாப்பிள்ளையின் நண்பர் தம் கைத்தொலைபேசியில் எடுத்த சில படங்களே எஞ்சின. அவற்றுள் ஒன்றிலேனும் அம்மா சிரிக்கவில்லை.

படிவத்திலோ, திருமணத்திற்கு எத்தனை பேர் வந்தனர், வரவேற்பு நடைபெற்றதா, ஒருவரையொருவர் எவ்வாறு அறிந்தீர்கள், உங்கள் உறவு எவ்வாறு வளர்ந்தது எனப் பல வினாக்கள் இருந்தன. வீட்டில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவன் நான் என்பதால் அப்பணி என்னிடம் வந்தது. பேச்சுப் பொருத்தமாகித் திருமணம் நடந்த நாள்வரையான ஒன்றரை ஆண்டில் அவ்விருவரும் தொலைபேசியிற் பேசியதை நான் பக்கத்திலிருந்து கேட்டிருக்கின்றேன். ‘சாப்பிட்டீங்களா?’, ‘அங்கை குளிரோ?’, ‘அம்மாவின்ரை கால்நோ எப்பிடி?’ இவ்வளவுதான். தமக்கையார் சொற்சிக்கனம் உடையவர். அவர் கேட்ட அந்தச் சில கேள்விகளுக்காகவே அவரை விரும்பியதாகப் பிற்பாடு அத்தான் என்னிடம் கூறியதுண்டு. ஆயின் அதனை எவ்வாறு படிவத்தில் எழுதுவது? பட்டணத்து முகவர் ஒருவர், ‘இது போதாது தம்பி’ என்றார். நான் எழுதினேன்: இருவரும் நாள்தோறும் மணிக்கணக்கில் உரையாடினர், நாவல்களைப் பற்றியும் இசையைப் பற்றியும் கருத்துப் பரிமாறினர். அத்தான் தம் வாழ்நாளில் நாவல் ஒன்றையேனும் படித்தவரல்லர்.

முகவரின் யோசனைப்படி, மாப்பிள்ளை திரும்புவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை உறவினர் நாற்பது பேரை அழைத்து, ஒரு மண்டபத்தில் வரவேற்பொன்றும் ‘நடத்தினோம்’. அம்மாவும் நிறச்சேலை உடுத்து ஓரத்தில் நின்றார். படப்பிடிப்பாளர் அவரைச் சிரிக்கச் சொன்னார், சிரித்தார். அன்று மெய்யாக நடந்தது சாப்பாடு ஒன்றுதான். நான் எழுதியவற்றைத் தமிழில் வாசித்துக் காட்டியபோது தமக்கையார், ‘தம்பி, இது நானில்லையே’ என்றார். எனினும் கையெழுத்திட்டார். பதினான்கு மாதங்களில் விசா கிடைத்தது.

இச்செயல் தவறா? 1797ஆம் ஆண்டில் ஜேர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற், நன்னோக்கினாற் பொய் கூறும் உரிமை என ஒன்று உண்டா என ஆராய்ந்து சிறு கட்டுரையொன்று எழுதினார். பெஞ்சமின் கொன்ஸ்ரன் என்பாருக்கு விடையாக எழுதப்பட்டது அது. உண்மையை அறியும் உரிமை எவருக்கு உண்டோ அவருக்கு மட்டுமே உண்மை கூறும் கடமை நமக்கு உண்டு என்பது கொன்ஸ்ரனின் வாதம். கான்ற் இதனை ஏற்கவில்லை. கொலைஞன் வாயிலில் வந்து கேட்பினும் பொய் கூறலாகாது என்றார். கான்றின் முடிவு நம் உள்ளத்திற்கு ஒவ்வாதது என்பதை மறைக்கவேண்டியதில்லை. கொன்ஸ்ரனின் வழி நின்றால், குடிவரவு உத்தியோகத்தருக்கு இவ்வுண்மையை அறியும் உரிமை உண்டா, உண்டெனின் எவ்வளவு, என்பதே நம்முன் உள்ள வினாவாகின்றது.

உரிமை அறவே இல்லை எனச் சொல்லிவிடுவது நேர்மையாகாது. பணம் கொடுத்துப் பதிவு செய்துகொண்டு, விசா கிடைத்ததும் பிரிந்துவிடும் ஒப்பந்த மணங்கள் உண்டு. சீதனத்தோடு மணந்துவிட்டுப் பெண்ணை ஊரிலேயே கைவிட்டவர்களும் உண்டு. மணத்தின் பெயரால் ஓர் உரிமையை வழங்கும் அரசு, மணம் நிகழ்ந்ததா எனக் கேட்பதில் தவறில்லை. ஏமாற்றும் பிழையும் உலகிற் புகுந்த பின்னரே பெரியோர் மணச்சடங்கை வகுத்தனர் என்று தொல்காப்பியக் கற்பியல் கூறுவதும் ஈண்டு நினைக்கத்தக்கது. சான்று என்பது மணத்திற்குப் புறம்பான ஒன்றன்று. அகநானூற்று 256ஆம் பாட்டில், கள்ளூர்ப் பெண்ணொருத்தியின் நலத்தைக் கவர்ந்துவிட்டு அவளை அறியேன் எனச் சூளுரைத்த ஒருவனை, சாட்சிகளை வினவி உண்மை கண்டு அவ்வூரார் தண்டித்த செய்தி வருகின்றது.

ஆயினும் ஒரு வேறுபாடு கவனிக்கற்பாலது. கள்ளூரில் முறையிட்டவள் அம்மணத்திற்கு உரியவள். இருவருள் ஒருவரை மற்றவரின் பொய்யிலிருந்து காக்கவே அங்கு கரணமும் சாட்சியும் வேண்டப்பட்டன. இங்கோ இருவரும் ஒருமனப்பட்டு ‘ஆம்’ என்கின்றனர், முறையிடுபவர் எவருமில்லை. மூன்றாமவரே ஐயுறுகின்றார், ஐயத்தைப் போக்கும் சுமை மட்டும் இருவர்மீதும் வைக்கப்படுகின்றது.

அன்றியும் அவர் ஐயுறுவது எதனை? இணைந்து வாழ்வது என்ற துணிவு வேறு. அத்துணிவுக்கு ஏதுவாகிய தூண்டுதல்கள் வேறு. முன்னையது இல்லையேல் மணம் பொய். பின்னையவை கலப்பானவை என்பதால் மணம் பொய்யாகிவிடாது. வீடும் காணியும் நகையும் பேசி முடித்தபின் நடந்த எத்தனையோ யாழ்ப்பாணத்துக் கலியாணங்களை எவரும் போலி மணம் எனச் சொன்னதில்லை. தேசவழமையே சீதனத்தை ஒரு சட்ட நிறுவனமாக ஏற்றது. அரச உத்தியோகத்துக்காக மாப்பிள்ளையை விரும்பிய பெற்றோரைக் குறை கூறலாம். அம்மணத்தைப் பொய் எனல் இயலாது. அவ்வாறிருக்க, வெளிநாட்டு வதிவிட உரிமை ஒரு தூண்டுதலாக இருந்தால் மட்டும் அது ஏன் மணத்தைப் பொய்யாக்கவேண்டும்?

சட்டங்கள் இவ்வேறுபாட்டைச் சில வேளை கண்டுள்ளன. பல வேளை தவறவிட்டுள்ளன. மணந்த வேளையில் இருவரும் சேர்ந்து வாழ எண்ணினரா என்பதே அளவுகோல் என 1975இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று தீர்ப்பளித்தது. பிரித்தானியாவிலோ, 1980களில் நடைமுறையிலிருந்த ‘முதன்மை நோக்க’ விதியின்படி, அந்நாட்டுக்குள் நுழைவது தம் மணத்தின் முதன்மை நோக்கமன்று என்பதை விண்ணப்பதாரரே நிறுவவேண்டியிருந்தது. இல்லாத ஒரு நோக்கம் இல்லையென்று எவ்வாறு நிறுவுவது? 1997 யூன் மாதத்தில் அவ்விதி நீக்கப்பட்டது. கனடாவில் மணம் போலியானதாகவும் உரிமை பெறும் நோக்குடையதாகவும் இருந்தாலே நிராகரிக்கலாம் என்றிருந்த விதி, 2010இல் இரண்டில் ஒன்று இருப்பினும் போதும் எனத் திருத்தப்பட்டது. அதாவது மணம் மெய்யெனக் கண்ட பின்னரும், தூண்டுதலைக் காரணங்காட்டி மறுக்கலாம்.

ஐயத்திற்கு எல்லை வகுக்காவிடில் அது எங்கு சென்று முடியும் என்பதற்கு 1979இல் வெளிவந்த ஹீத்ரோ விமான நிலையச் செய்தி சான்று. மணம் முடிக்க வந்த இந்தியப் பெண்ணொருவர் அங்கு கன்னிமைப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டார். 1985இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், மனைவியரை அழைப்பதிலும் பார்க்கக் கணவரை அழைப்பதைக் கடினமாக்கிய பிரித்தானிய விதிகள் பால் வேறுபாடு காட்டுவன எனக் கண்டது. அரசு என்ன செய்தது? கணவர்மீதிருந்த கடுமையை மனைவியர்க்கும் விரித்துச் சமத்துவத்தை நிலைநாட்டியது! கனடா 2012இல், புதிதாக மணந்தோர் பலர் இரண்டாண்டு சேர்ந்து வாழ்ந்தாலன்றி உரிமை நிலைக்காது என்னும் நிபந்தனையை விதித்தது. அடிக்கின்ற கணவனைவிட்டுப் போக அஞ்சும் நிலையை அது உருவாக்கும் என்ற கண்டனம் எழுந்தது. 2017இல் அது கைவிடப்பட்டது. பிரித்தானியா 2012இல் 18,600 பவுண் என நிர்ணயித்த ஆண்டு வருமான எல்லையை 2024 ஏப்பிரலில் 29,000 பவுணாக உயர்த்தியது. மணத்தின் மெய்ம்மையோடு இதற்கு ஒரு தொடர்பும் இல்லை. நம் நாட்டினராகிய நாம் பிறரை மட்டும் குறைகூறவும் இயலாது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ், பிறநாட்டவரை மணந்த இலங்கைத் தாயின் பிள்ளைக்குத் தாய்வழிப் பிரசாவுரிமை கிட்ட 2003ஆம் ஆண்டுத் திருத்தம்வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

ஆகவே இணைந்து வாழும் துணிவு உண்டா என்று கேட்கும் உரிமை அரசுக்கு உண்டு. உள்ளத்தின் தூண்டுதல்களைத் துருவும் உரிமையோ, உறவின் வளர்ச்சியைக் கதையாகக் கேட்டு அக்கதை இனித்தால் மட்டுமே நம்பும் உரிமையோ இல்லை என்று நான் கருதுகின்றேன். இந்த அளவில் கொன்ஸ்ரன் என்னை விடுவிக்கின்றார். நான் மறைத்தது அவர்களுக்கு உரிமையற்ற ஒன்றையே, மணமோ மெய்யானது. சில காலம் இந்த விடையோடு அமைதியாகவே இருந்தேன்.

அந்த அமைதியைக் குலைத்தவர் எமது அயலில் வாழும் ஒரு பெண். அவரை நான் மச்சாள் என்றே அழைப்பேன். அவருடைய திருமணமும் சிறியது. வசதியின்மையே அதற்குக் காரணம். பதிவாளர் கந்தோரிலும் கோயிலிலுமாக வந்தோர் ஒன்பது பேர். மச்சாள் முகவரிடம் செல்லவில்லை; தாமே படிவத்தை நிரப்பி, உள்ளதை உள்ளபடி எழுதி, இருந்த ஆறு படங்களையும் இணைத்து அனுப்பினார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று, இத்துணைச் சிறிய திருமணம் விண்ணப்பதாரரின் சமூக வழக்கத்திற்கு மாறானது என்பதாகும்.

கடிதத்தை மொழிபெயர்த்துச் சொல்லும்படி அவர் என்னிடமே கொண்டுவந்தார். அவ்வாக்கியத்தை வாசித்தபோது என் நா எழவில்லை. எமது சமூகத்தின் வழக்கம் இன்னதென்று அந்த உத்தியோகத்தர் எங்கு கற்றார்? அவர் எமது ஊருக்கு வந்திருக்கமாட்டார். அவரது மேசைக்கு வரும் அல்பங்களே அவருடைய பாடநூல். நாற்பது பேர், நானூறு பேர், பட்டுச்சேலைகள், மணிக்கணக்கான உரையாடல்கள். எங்கள் அல்பமும் அவற்றுள் ஒன்று. இரு விண்ணப்பங்களையும் ஒருவரே பார்த்தார் என நான் கூறவில்லை, அது தேவையுமில்லை. என்னைப் போன்ற நூறு தம்பிமார் ஒவ்வொரு வீட்டிலும் சிறிதளவு மெருகிட்டதனால், மெருகிடாத உண்மை பொய்போலத் தோன்றலாயிற்று.

குற்றமற்ற நன்மையைத் தருமெனில் பொய்யையும் மெய்யோடு வைத்து எண்ணலாம் என்ற வள்ளுவரின் கருத்தை நம்மவர் தமக்குச் சாதகமாக எடுத்தாள்வது வழக்கம். நானும் எடுத்தாண்டேன். அதிலுள்ள ‘குற்றமற்ற’ என்னும் நிபந்தனையை மட்டும் பரிசோதிக்கவில்லை. உத்தியோகத்தருக்கு என் பொய்யால் ஒரு தீங்கும் இல்லை; அரசுக்கும் இல்லை. தீங்கு சென்று சேர்ந்தது, உண்மையைத் தவிர வேறெதனையும் காட்ட வசதியற்ற மற்றொரு விண்ணப்பதாரரிடம். கான்றும் கொன்ஸ்ரனும் வாயிலில் நின்று கேட்பவனையும் வீட்டிலுள்ளவனையும் பற்றியே வாதிட்டனர். அடுத்த வீட்டுக் கதவும் தட்டப்படும் என்பதை நான் அவர்களிடமிருந்து கற்கவில்லை.

இதனைத் தமக்கையாரிடம் தொலைபேசியிற் கூறினேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின், ‘அண்டைக்கு நான் கையெழுத்து வைக்காட்டில் இப்ப எங்கை இருந்திருப்பன் எண்டு சொல்லு’ என்றார். என்னிடம் விடை இல்லை. அவருடைய மகளுக்கு இப்போது இரண்டு வயது.

மச்சாளின் இரண்டாவது விண்ணப்பத்தை நிரப்பச் சென்ற மாதம் அவர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். முன்னைய முகவரிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாமே என்று அவருடைய தாயார் சொன்னார். மச்சாள் என்னைப் பார்த்தார். முடிவை என்னிடம் விடுவதுபோல் இருந்தது அப்பார்வை. எனக்கு நடுக்கமாயிருந்தது, அவருடைய வாழ்வைக் கொண்டு நான் என் கடனைத் தீர்க்க முயல்வதாகவும் தோன்றியது. அதனை அவரிடமே சொன்னேன். அவர் படிவத்தைத் தம் பக்கம் இழுத்து, வந்தோர் தொகை என்ற இடத்தில் ஒன்பது என்று தாமே எழுதினார். ஏன் ஒன்பது என்பதற்கு ஒரு பக்கம் எழுதினோம். மறுமொழி இன்னும் வரவில்லை.