கலங்கலின் உயரம்

காஞ்சிபுரம் மாவட்டம் வாலாஜாபாத் பக்கம் இருக்கிறது தென்னேரி. ஊருக்கும் ஏரிக்கும் ஒரே பெயர். திரையன் ஏரி என்பதுதான் மருவி தென்னேரி ஆனது என்றும், தொண்டைமான் இளந்திரையன் காலத்து ஏரி என்றும் சொல்வார்கள். இப்படிப்பட்ட ஏரி எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? கரையின் உயரத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, கலங்கலைப் பார்க்க வேண்டும். கலங்கல் மட்டத்தைத் தாண்டும் தண்ணீர் வழிந்து வெளியே போய்விடும். கரையில் இன்னும் இடம் இருந்தாலும் ஏரியின் கொள்ளளவு அவ்வளவுதான். அதில் பாதி இயற்கை, பாதி யாரோ எடுத்த முடிவு.

ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எவ்வளவு ரேம் தாங்கும் என்ற கேள்விக்கும் இதே மாதிரிதான் பதில். 32-பிட் என்றால் 4 ஜிபி என்பார்கள். 32 பிட்டில் எழுதக்கூடிய முகவரிகள் மொத்தம் 4,29,49,67,296. முகவரிக்கு ஒரு பைட். அதற்கு மேல் கதவு எண் போட எண்ணே கிடையாது. இது கரை. இதற்காக யாரையும் கோபித்துக்கொள்ள முடியாது.

ஆனால் 1995இல் வந்த பென்டியம் புரோவிலேயே இன்டெல் முகவரியை 36 பிட்டாக நீட்டிவிட்டது. கணக்குப்படி 64 ஜிபி வரை போகலாம். விண்டோஸ் சர்வர் 2008இன் 32-பிட் என்டர்பிரைஸ் பதிப்பு அந்த 64 ஜிபியையும் எடுத்துக்கொண்டது. அதே காலத்து 32-பிட் விஸ்டா 4 ஜிபியோடு நின்றுவிட்டது. மைக்ரோசாஃப்டின் மார்க் ருசினோவிச் 2008இல் அதற்குக் காரணம் எழுதினார். வீட்டுக் கணினிகளில் இருக்கும் வீடியோ, ஆடியோ டிரைவர்கள் பல 4 ஜிபிக்கு மேலான முகவரியைப் பார்த்தால் குழம்பி, மொத்த சிஸ்டத்தையும் கவிழ்த்தன என்றார். அப்படியென்றால் இது கரை உடையாமல் இருக்க வைத்த கலங்கல். நியாயம் இருக்கிறது.

மூன்றாவது வகை நமக்கு ரொம்பப் பக்கத்தில் நடந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. தொடக்ககால மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்டரும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தன. ஸ்டார்டருக்கு வைத்த உச்சவரம்பு 2 ஜிபி. அதே விண்டோஸ் 7இன் 32-பிட் ஹோம் பிரீமியம் 4 ஜிபி வரை போகும். 64-பிட்டில் ஹோம் பிரீமியத்துக்கு 16, புரொஃபஷனலுக்கு 192. கைக்காசு போட்டுக் கூடுதல் ரேம் வாங்கிச் சொருகினாலும் ஸ்டார்டர் அதைத் தொடாது. டெஸ்க்டாப் படத்தைக்கூட மாற்ற விடாது. இங்கே எண்ணும் தீரவில்லை, டிரைவரும் குழம்பவில்லை. விலைப்பட்டியல் மட்டும்தான் காரணம்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்கலாம். மாணவர்களுக்கு அது இலவசம்தான், ஆனால் கம்பெனிக்கு அது விற்பனை. அரசு மக்கள் பணத்தில் வாங்கியது. இதைவிட வலுவான வாதம் ஒன்று உண்டு: வசதியுள்ளவரிடம் கூடுதலாக வாங்கினால்தான் வசதியில்லாதவருக்குக் குறைந்த விலையில் தர முடியும். விலைக்கு ஏற்ப வித்தியாசம் இல்லையென்றால் எல்லோரும் மலிவானதையே வாங்கிவிடுவார்கள். இதை நான் மறுக்கவில்லை. 1849இலேயே ஜூல் டுப்யூய் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இதன் மறுபக்கத்தை எழுதினார். மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டிக்குக் கூரை இல்லாதது செலவை மிச்சம்பிடிக்க அல்ல, இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக்கூடியவர் இங்கே வந்துவிடாமல் இருக்கத்தான் என்றார். பயமுறுத்த வேண்டியது பணக்காரரை, நனைவது ஏழை.

காஞ்சிபுரத்தில் சரிகை குறைந்த சேலைக்கு விலை குறைவு. அதில் யாருக்கும் மனக்குறை இல்லை, போட்ட பொருளே குறைவு. முழுச் சேலையையும் நெய்துவிட்டு, சரிகையை மட்டும் உருவி எடுத்து மலிவாக விற்கும் நெசவாளரைப் பார்த்திருக்கிறீர்களா? குறைவாகச் செய்து கொடுப்பது வேறு, செய்ததைக் குறைத்துக் கொடுப்பது வேறு. மென்பொருளில் இரண்டாவதுதான் சுலபம். நகலெடுக்கச் செலவில்லை என்பதால் அங்கே எல்லாக் குறையும் வேலை மெனக்கெட்டு வைத்த குறை.

அதற்காக எல்லா வரம்பும் அநியாயம் ஆகிவிடாது. கலங்கலும் மனிதர் வைத்ததுதானே. அதை உயர்த்தினால் ஆயக்கட்டுக்குத் தண்ணீர் கூடும், மேல்பக்கத்து நிலம் முழுகும். ஆனால் அந்தச் சண்டையை ஊரே போய் நின்று போடலாம், ஏனென்றால் கலங்கல் கண்ணுக்குத் தெரிகிறது. எந்த உயரம், யாருக்காக, யார் வைத்தது என்று கேட்க ஆள் இருக்கிறது. ஸ்டார்டரின் 2 ஜிபி, யாரும் படிக்காத பட்டியலில் ஒரு வரி. மெதுவாக ஓடும் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்த பிளஸ் டூ மாணவி “இதால இவ்ளோதான் முடியும்” என்று நினைத்திருப்பாள். ஒருவர் போட்ட விலையை அவள் இயற்கை என்று எடுத்துக்கொள்கிறாள். எனக்குப் பெரிய அநியாயமாகப் படுவது அதுதான். 2 ஜிபி இழப்பைவிட, கேள்வி கேட்க வேண்டிய இடமே தெரியாமல் போவது.

இன்றைக்கும் விண்டோஸ் 11 ஹோம் 128 ஜிபியில் நிற்கிறது, புரோ 2 டிபி வரை போகிறது. நம் தலை அந்த உயரத்துக்குப் போகாததால் இடிக்கவில்லை, அவ்வளவுதான். வேறு எங்கேயோ, போனிலோ செயலியிலோ, நிச்சயம் இடிக்கும். அப்போது திரையில் “முடியாது” என்று வந்தால், நிஜமாகவே முடியாதா, இல்லை விட மாட்டார்களா என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம்.