மடையை அடைத்தது யார்?

சீடன்: ஐயா, வெகுநாளாய் ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் சபைக் கூட்டத்தில், கடன்பட்டு நொடிந்த குடும்பங்களுக்கு உதவி நிதி வேண்டும் என்று பேச்செடுத்தேன். ஏழைகள் எந்நாளும் நம் நடுவே இருக்கத்தான் போகிறார்கள், ஆண்டவரே சொல்லியிருக்கிறார் என்றார் ஒரு பெரியவர். அதோடு பேச்சு அடங்கிவிட்டது. வறுமை தேவன் வகுத்த ஏற்பாடு என்றால் அதை மாற்ற நாம் யார்?

குரு: ஏற்பாடு வேறு, அதைக் கெடுத்தது வேறு, தம்பி. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது. தலைமடைக்காரன் மடையைத் தன் வயலுக்கே திறந்து வைத்துக்கொள்கிறான். கடைமடையில் பயிர் கருகுகிறது. வானம் பொய்த்துவிட்டது என்று கடைமடைக்காரன் அழலாம். தலைமடைக்காரனும் அதையே சொன்னால் நம்புவாயா?

சீடன்: வானம் நிஜமாகவே பொய்ப்பதும் உண்டே. சோம்பலால் கெட்டவர்களும் உண்டே.

குரு: உண்டு. சோம்பேறியை எறும்பிடம் பாடம் படிக்க அனுப்புகிறது நீதிமொழிகள், நான் மறுக்கவில்லை. ஆனால் விடியுமுன் வயலில் இறங்கி, பொழுது சாய்ந்தபின் கரையேறும் கூலிக்காரி கடனாளியாகவே சாகிறாளே, அவளுக்கு எறும்பு என்ன சொல்லித்தரும்? பஞ்சத்தையும் பார். கி.பி. 369 வாக்கில் கப்பத்தோக்கியா நாட்டுச் செசரியாவில் மழை தவறியது. கடலோர ஊர்களைப் போல வெளியிலிருந்து தானியம் இறக்க வழியில்லாத உள்நாட்டு நகரம் அது. ஆனாலும் தனவந்தர் களஞ்சியங்களில் தானியம் இருந்தது. விலை ஏறட்டும் என்று பூட்டியிருந்தது. பிற்பாடு அந்நகரின் ஆயரான பசிலியார் அப்போது இன்னும் அந்தப் பதவிக்கு வரவில்லை. பிரசங்கித்தே அந்தப் பூட்டுகளைத் திறக்க வைத்தார், பட்டினி கிடந்தவர்களைக் கூட்டிக் கஞ்சி ஊற்றினார். பெற்ற பிள்ளைகளில் எதை விற்பது, மூத்ததையா இளையதையா என்று சந்தைக்குப் போகுமுன் தவிக்கும் தகப்பனை அவர் தம் பிரசங்கம் ஒன்றில் காட்டுகிறார். வானம் பொய்த்தது உண்மைதான். அந்தத் தகப்பனைச் சந்தைக்குத் துரத்தியது பூட்டு.

சீடன்: ஆனாலும் ஆண்டவருடைய வார்த்தை அப்படியே நிற்கிறதே.

குரு: பாதி வார்த்தை நிற்கிறது. மாற்கு 14-ஐத் திற. பெத்தானியாவில் சீமோன் வீட்டுப் பந்தி. ஒரு பெண் பரணியை உடைத்து நளதத் தைலத்தை இயேசுவின் தலையில் ஊற்றுகிறாள். முந்நூறு பணத்துக்கு மேல் பெறும் தைலம். கூலியாள் ஒருவனுக்கு ஏறக்குறைய ஒரு வருஷச் சம்பாத்தியம். விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று சிலர் முறுமுறுக்கிறார்கள். ஏழைகள் எந்நாளும் உங்களோடு இருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு இயேசு சொன்ன பதில். மனமிருந்தால் எந்த நேரத்திலும் ஏழைகளுக்கு நன்மை செய்யலாமே என்றும் அதே மூச்சில் சொல்கிறார். அதை உங்கள் கூட்டத்தில் யாரும் எடுக்கவில்லை பார்த்தாயா? கேட்டவர்கள் மோசேயின் நியாயப்பிரமாணத்தில் வளர்ந்த யூதர்கள். உபாகமம் 15 அவர்கள் நினைவுக்கு வராமல் இருந்திருக்காது. எளியவர்கள் தேசத்தில் ஒழிந்துபோவதில்லை, ஆகவே கையைத் தாராளமாய்த் திற என்று கட்டளையிடுகிறது அதன் 11-ஆம் வசனம். கற்பனைகளைக் கைக்கொண்டால் உங்களுக்குள் எளியவனே இருக்கமாட்டான் என்கின்றன அதே அதிகாரத்தின் 4, 5 வசனங்கள். இரண்டும் முரண் அல்ல. நாம் முழுசாய்க் கைக்கொள்ளமாட்டோம் என்று தேவனுக்குத் தெரியும். நம்மைக் குற்றஞ்சாட்டுகிற அந்த வார்த்தையைச் சொல்லியே உதவியை மறுக்க அந்தப் பெரியவருக்கு எங்கிருந்து துணிவு வந்தது?

சீடன்: மடை அடைபட்டதைக் கண்ட தேவன் தாமே வந்து திறக்கக்கூடாதா?

குரு: என்னை வருஷக்கணக்கில் வதைத்த கேள்வி இது. யாத்திராகமம் 16-இல்தான் தெளிந்தேன். வனாந்தரத்தில் தேவன் தாமே சோறு போட்டார், ஆளுக்கு ஓர் ஓமர் அளவு மன்னா. அதிகம் வாரியவனிடம் மிச்சமில்லை, கொஞ்சம் வாரியவனுக்குப் பற்றாக்குறையில்லை. நாளைக்கு என்று பதுக்கியவன் காலையில் திறந்து பார்த்தால் புழு நெளிந்தது, நாற்றம் எடுத்தது. கானானின் விளைச்சலைச் சாப்பிட்ட மறுநாளே மன்னா நின்றுபோனது என்கிறது யோசுவா 5. அதுமுதல் அப்பம் மனிதர் கை வழியாய் வருகிறது. கோதுமையில் ஓர் இரவில் புழு வைப்பதில்லை. களஞ்சியத்தில் பூட்டலாம், கடனாய்க் கொடுத்து அயலான் வயலை எழுதி வாங்கலாம். புழு செய்த வேலையை இனி நியாயப்பிரமாணம் செய்ய வேண்டியிருந்தது. அறுக்கும்போது வயலோரத்தை விட்டுவிடு, சிந்திய கதிர் எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியது. மூன்றாம் வருஷத் தசமபாகத்தில் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் பங்கு. ஏழாம் வருஷம் கடன் விடுதலை. ஐம்பதாம் வருஷம் யூபிலி, விற்றுப்போன காணி குடும்பத்துக்கே திரும்பும், ஏனென்றால் நிலம் கர்த்தருடையது. ஏழாம் வருஷம் நெருங்குகிறதே, கொடுத்தால் திரும்பாதே என்று கணக்குப் போடாதே என்று கடன் கொடுப்பவன் மனசுக்குள்ளேயே புகுந்து எச்சரிக்கிறது அந்தச் சட்டம். கடைமடைக்கும் முறைத்தண்ணீர் வைத்துவிட்டுத்தான் தேவன் நிலத்தை நம்மிடம் ஒப்படைத்தார். முறையை மீறினவர்கள் நாம்.

முறைக்குத் திரும்பவும் முடியும். நெகேமியா 5-ஐப் பார். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு, எருசலேமின் மதில் எழும்புகிறது. கட்டுகிற ஜனங்களிடமிருந்தே கூக்குரல் கிளம்புகிறது: தானியத்துக்காக வயலையும் வீட்டையும் அடகு வைத்தோம், ராஜாவின் தீர்வைக்குக் கடன் வாங்கினோம், எங்கள் பெண்பிள்ளைகள் சிலர் அடிமைப்பட்டுப் போனார்கள். நெகேமியா ஓயாமல் ஜெபிக்கிற மனிதர். ஆனாலும் அன்று ஜெபத்தோடு நிறுத்தவில்லை. வட்டி வாங்கின பிரபுக்களையும் அதிகாரிகளையும் கூப்பிட்டு, சபையைக் கூட்டி அதன் முன்னே கடிந்துகொண்டார். தானும் தன் சகோதரரும் கடன் கொடுத்திருப்பதை மறைக்கவில்லை. வயல், திராட்சத்தோட்டம், ஒலிவத்தோப்பு, வீடு, வாங்கின வட்டி, எல்லாவற்றையும் இன்றே திருப்பிக் கொடுங்கள் என்றார். ஆசாரியர்களை அழைத்து ஆணையிட வைத்தார். அவர்களும் கொடுத்தார்கள். அதிபதியாயிருந்த 12 வருஷமும் தனக்குரிய படியை அவர் வாங்கவே இல்லை. ஜனங்கள்மேல் ஏற்கெனவே பாரம் அதிகம் என்று காரணமும் எழுதி வைத்திருக்கிறார்.