கொல்லைக் குளமும் குழந்தைகளின் ஹக்கும்

வீட்டுக் கொல்லையில் சிறியதாக ஒரு குளம் வெட்டி, அதில் மீன் விட்டு, மாலை வேளையில் பிள்ளைகளோடு கரையில் உட்கார்ந்து மகிழ்ந்திருப்பது மார்க்கத்தில் ஆகுமானதா? அல்லது வீண் விளையாட்டில் சேருமா? இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் பேணுதல் உள்ளவர்கள். "அந்த நேரத்தில் நபில் தொழலாமே, குர்ஆன் ஓதலாமே" என்பது அவர்களின் எண்ணம். அந்த எண்ணத்தை நாம் குறைத்துப் பேசமாட்டோம். ஆயினும் மார்க்கம் இதில் என்ன கூறுகிறது என்பதைப் பார்ப்போம்.

ஹன்ளலா (ரலி) என்ற ஸஹாபிக்கும் இதே கவலை வந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சபையில் இருக்கும்போது சுவர்க்கமும் நரகமும் கண்முன் நிற்பது போல் இருக்கிறது. வீட்டுக்குப் போய் மனைவி மக்களோடு கலந்ததும் அந்த நிலை மாறிவிடுகிறது. தாம் முனாபிக்காகி விட்டோமோ என்று அஞ்சினார்கள். அபூபக்கர் (ரலி) அவர்களும் தமக்கும் அப்படித்தான் என்றார்கள். இருவரும் நபியவர்களிடம் சென்று முறையிட்டபோது, எப்போதும் அதே நிலையில் இருந்தால் மலக்குகளே வந்து முஸாபஹா செய்வார்கள் என்றும், ஆனால் மனிதனுக்கு அதற்கொரு நேரம், இதற்கொரு நேரம் உண்டு என்றும் பொருள்பட நபியவர்கள் ஆறுதல் கூறினார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி. மனைவி மக்களோடு இருக்கும் நேரத்தைக் குற்றமாக அவர்கள் கருதவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூஉமைர் ஒரு சின்னஞ்சிறு குருவியை வளர்த்தார். அது இறந்து அவர் வாடியிருந்தபோது, உம்மத்தின் பொறுப்பையே சுமந்திருந்த நபியவர்கள் அக்குழந்தையிடம் குருவியைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள். இந்தச் சிறு நிகழ்ச்சியிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட பயன்களை எடுத்து, ஹிஜ்ரி 335ல் மறைந்த ஷாபிஈ மத்ஹபு அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) ஒரு தனி நூலே எழுதினார்கள். ஒரு குழந்தையின் குருவி இவ்வளவு பெரியது என்றால், ஒரு குழந்தையின் மீன் மட்டும் சிறியதாகி விடுமா?

எனவே இந்த மகிழ்ச்சி அடிப்படையில் முபாஹ். பிள்ளைகளின் ஹக்கை நிறைவேற்றும் நிய்யத்து சேர்ந்தால் நன்மையும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பகுதிகளில் ஷிஃப்டு முறையில் உழைக்கும் தகப்பன்மார்களுக்கு இதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இரவு வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு விடுகிறது. அது திரும்பி வரும்போது தகப்பன் உறங்குகிறார். "கொஞ்சம் வசதி வரட்டும், பிறகு பார்ப்போம்" என்கிறார்கள். 2006ல் உற்பத்தி தொடங்கி ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றுபோனது. ரிஸ்க்கின் வாசல் ஒன்று மூடினால் அல்லாஹ் வேறொன்றைத் திறப்பான். பிள்ளையின் ஆறு வயதும் ஏழு வயதும் மட்டும் திரும்பி வருவதில்லை.

ஆனால் ஆகுமான காரியத்துக்கும் நிபந்தனைகள் உண்டு. அவற்றுள் முதலாவது, குளத்தை நிரப்பும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதாகும்.

நமது காஞ்சிபுரம், செங்கற்பட்டுச் சீமையை முன்னோர் ஏரிகளின் நாடு என்றார்கள். பிள்ளைப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் ஏரிகள் நிரம்பினால் மிகுதி நீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். 2015 டிசம்பர் 1ஆம் தேதி அந்தச் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டதையும், அடையாற்றங்கரை மக்கள் பட்ட துன்பத்தையும் நாம் அறிவோம். அதே ஏரி 2019 கோடையில் வறண்டு வெடித்துக் கிடந்தது. அல்லாஹ் வானத்திலிருந்து தண்ணீரை ஓர் அளவோடு இறக்கிப் பூமியில் தங்க வைக்கிறான். அதைப் போக்கிவிடவும் அவன் ஆற்றலுள்ளவன் என்ற திருமறையின் கருத்தை, மூன்றரை ஆண்டு இடைவெளியில் நம் கண்ணாலேயே பார்த்துவிட்டோம்.

தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்பது நபிமொழியின் கருத்து. தேவைக்கு மிஞ்சிய தண்ணீரைப் பிறருக்குத் தராமல் தடுப்பதையும் நபியவர்கள் விலக்கியுள்ளார்கள். பக்கத்துத் தெருவில் பெண்கள் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கும்போது, ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் போட்டு நம் குளத்தை நிரப்பினால் அந்த மகிழ்ச்சியில் அயலாரின் பங்கு கலந்திருக்கிறது. பணம் நம்முடையது, மின்சாரக் கட்டணம் நாம் கட்டினோம் என்று வாதாடலாம். பூமிக்கடியில் ஓடும் நீருக்கு வேலி போட்டது யார்? மாறாக, கூரைத் தண்ணீரைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து மண் குளத்தில் விட்டால், அது மெல்ல உள்ளே இறங்கி அயலாரின் கிணற்றுக்கும் ஊற்றாகிறது. மழைநீர் சேமிப்பைத் தமிழ்நாட்டில் 2003லேயே அரசு கட்டாயமாக்கியது. கோடையில் குளம் வற்றினால் வற்றட்டும். அடுத்த மழைக்குக் காத்திருக்கப் பிள்ளைகள் கற்பதும் ஒரு ஸபுரேயாகும்.

இரண்டாவது நிபந்தனை, பிறருக்குத் தீங்கு வராமல் காப்பது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு தொட்டியில் தேங்கும் சுத்தமான நீரிலும் பெருகும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். கப்பி, கம்பூசியா போன்ற சிறு மீன்கள் அதன் புழுக்களைத் தின்னும். ஆனால் அவற்றை ஏரியில் கொண்டுபோய் விடலாகாது; அங்குள்ள நாட்டு மீன்களுக்குக் கேடாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, சிறு குழந்தைக்கு முழங்காலளவு தண்ணீரும் ஆபத்தே. சுற்றிலும் வேலியும், பெரியவர் ஒருவரின் கண்ணும் இல்லாத குளத்தை நாம் ஆகுமானது என்று சொல்லத் துணியமாட்டோம். பிள்ளை அல்லாஹ்வின் அமானத்து அல்லவா?

இவ்விரண்டையும் பேணினால் அந்தக் குளக்கரையே ஒரு மதரஸாவாகும். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபியவர்கள் தடுத்தார்கள் என்பதை அங்கே சொன்னால் பிள்ளைக்கு மறக்காது. பள்ளிவாசல் ஹவ்ளின் சட்டமும் அங்கே விளங்கும். ஹனபி மத்ஹபில் பத்து முழத்துக்குப் பத்து முழம் பரப்பு. ஷாபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத், அதாவது ஏறத்தாழ 200 லிட்டர். இந்த அளவை எட்டிய நீரில் நஜீஸ் விழுந்தாலும் நிறமோ, ருசியோ, வாடையோ மாறாதவரை அது சுத்தமே. அந்தக் கரையில் ஒளுச் செய்யும்போது, நபியவர்கள் ஒரு 'முத்' அளவு நீரில் ஒளுச் செய்ததைச் சொல்லிக் கொடுங்கள். அது நம் கணக்கில் முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரைதான். தவளையின் மீது கல்லெறியப் பிள்ளை கை ஓங்கினால், மருந்துக்காகக்கூடத் தவளையைக் கொல்ல நபியவர்கள் அனுமதிக்கவில்லை என்பதையும், உயிருள்ளதைக் குறிவைத்து எறிவதைத் தடுத்தார்கள் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

கொல்லை இல்லாத வாடகை வீட்டார் வருந்த வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையில் நடந்து வருவதும் இதே வகைதான். ஆனால் வீட்டுக் குளத்தைத் துடைத்து வைத்துவிட்டு, வீட்டுக் குப்பையை ஏரியில் கொட்டுபவரின் அழகுணர்ச்சியை நாம் பாராட்ட முடியாது.

கேள்வி கேட்ட பேணுதலுள்ளோருக்கு ஒரு சொல். பாங்கு ஒலித்தவுடன் எழ முடிகிற மகிழ்ச்சி உங்களுக்குத் தீங்கு செய்யாது. எழ முடியவில்லையானால் குற்றம் குளத்தினுடையதன்று. பாங்கு கேட்டதும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்கு நடவுங்கள். தகப்பனோடு மீன் பார்த்த பிள்ளை, தகப்பனோடு ஸஃப்பில் நிற்கவும் ஆசைப்படும்.

நம் மக்களைக் கண்குளிர்ச்சியாகவும், நம் நிலத்தின் நீரை வற்றாத பரக்கத்தாகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.