அடிக்குறிப்பில் யாருக்கு இடம்?

நம்ம திருவாரூர்ப் பிள்ளைகள் சிலர் சென்னையிலும் புதுச்சேரியிலும் வெளிநாட்டு ஆய்விதழ்களை அச்சுக்குத் தயார் செய்யும் கம்பெனிகளில் இருக்கிறார்கள். கட்டுரைக் கடைசியில் வரும் நூற்பட்டியலை வெட்டி, ஆசிரியர் பெயர், ஆண்டு, நூல், பக்கம் என்று ஒவ்வொரு துண்டுக்கும் முன்னும் பின்னும் எக்ஸ்எம்எல் குறி போட வேண்டும். யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று எந்திரம் எண்ணுவது அந்தக் குறிகளை வைத்துத்தான்.

அதிலே ‘சர்நேம்’ என்று ஒரு குறி. ஒரு பையன் கேட்டான்: “அண்ணே, நம்மாளு பேருக்கு இதுல எதைப் போடுறது?” ஐயர், நாயுடு என்று வால் உள்ள பெயர் அதில் சுலபமாக உட்காரும். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு அந்த வாலை விடச் சொன்னது. நமக்கு வால் எப்போது இருந்தது? அப்பன் பெயரின் முன்னெழுத்தை அங்கே போட்டால், மகள் எழுதியது அப்பன் கணக்கில் ஏறும். விதியைக் குறை சொல்ல முடியாது. 2012-இல் அமெரிக்கத் தரமாக வந்த ஜாட்ஸ் முறையில் சர்நேம் இல்லாமலே பெயர் எழுதலாம். அவசரத்தில் யார் தேடுகிறார்கள்?

பெயரைக்கூடச் சரிசெய்துவிடலாம். பேச்சை என்ன செய்வது?

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்தார்கள். தண்டனை பெற்ற மிராசுதார்களை 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. தீர்ப்புக்கு ஆண்டு உண்டு, எண் உண்டு. எல்லாக் குறியும் கச்சிதமாகப் பொருந்தும். தப்பிப் பிழைத்த கிழவி “நான் கண்ணால பாத்தேன்யா” என்று நம்மிடம் சொன்னால்? பல ஆய்விதழ்கள் பின்பற்றும் ஏபிஏ முறையில் அது நேர்ப்பேச்சு. கட்டுரைக்குள் ஒரு அடைப்புக்குறி, அவ்வளவுதான், பட்டியலில் சேராது. வாசகர் அதைத் தேடிப் பார்க்க முடியாதாம். நியாயமான காரணம்தான். ஆனாலும் விடுதலை தந்த வாக்கியம் ஆதாரம், பார்த்தவள் வாக்கியம் வெறும் பேச்சு என்றாகிவிடுகிறது. கோர்ட்டில் எடுபடாத சாட்சி இங்கேயும் எடுபடவில்லை.

இதில் நம் பங்கும் இருக்கிறது. நம் சிற்றிதழ்களில் சாட்சியம் அச்சாகிறது. சொன்னவர் பெயர் இருக்காது, எந்த மாதத்து இதழ் என்று இருக்காது, சில சமயம் பக்க எண்கூட இருக்காது. பயந்து மறைத்தது வேறு. அதை மறைக்கத்தான் வேண்டும். சோம்பலில் விட்டது வேறு. அச்சான சாட்சியத்தைப் பட்டியலிலிருந்து யாரும் தள்ள முடியாது. ஆகவே அவள் பேச்சிலேயே, கேட்ட நாள், கேட்ட ஊர், சம்மதித்தால் பெயரோடு அச்சிடுவோம்.

ஆசிரியர் என்ற இடத்தில் யார்? எம்.ஏ. படித்த நமக்கு நம் பெயரைப் போட்டுக்கொள்ளக் கை துறுதுறுக்கும். அங்கே அவள் பெயர்தான் போக வேண்டும். தொகுத்தவருக்கென்று ஜாட்ஸில் தனிக் குறி இருக்கிறது; நாம் அதில் உட்கார்ந்துகொள்ளலாம்.