கணக்குக் காட்டாதவர் மகன்

2019 டிசம்பரில் எங்கள் பகுதியில் ஊராட்சித் தேர்தல் நடந்தபோது, ஒரு மாலை விளக்கு வைக்கும் நேரத்தில், தலைவர் பதவிக்கு நின்ற ஓர் இளைஞன் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தான். செருப்பைப் படிக்குக் கீழே கழற்றி வைத்துவிட்டு, கைகூப்பி, ஒரு நோட்டீஸை என்னிடம் நீட்டினான். படித்த பிள்ளை, முந்திய கோடையில் தெருக்குழாய்கள் வற்றியபோது, சொந்தச் செலவில் டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து காலனித் தெரு வரையில் ஊற்றியவன். அவன் நடத்தையைப் பற்றி அன்றுவரை ஒரு சொல் குறைவாக நான் கேட்டதில்லை. இருந்தும், அந்த நோட்டீஸை வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தபோது, என் கண் அவனுடைய புகைப்படத்தில் தங்காமல், வாக்குறுதிகளிலும் தங்காமல், பெயருக்கு முன்னால் நின்ற ஒற்றை எழுத்தில் போய் நின்றுவிட்டது.

அந்த எழுத்து அவன் தகப்பனாருடையது. எங்கள் ஏரியின் மீன் குத்தகைப் பணத்தைத் தொடர்ந்து ஆறு ஆண்டுகள் ஊருக்காக வாங்கி வைத்திருந்தவர் அவர். அந்தப் பணத்தில் கீழ் மதகைப் புதுப்பிப்பது என்று கோவில் வாசலில் கூடிப் பேசி முடிவாகியிருந்தது. மதகு புதுப்பிக்கப்படவில்லை, பணம் என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு, "அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன்" என்ற பதில் கிடைத்தது, அந்த அடுத்த கூட்டம் வரவே இல்லை. இன்றைக்கும் கார்த்திகை மாதத்தில் ஏரி நிறைந்தால், மதகுப் பலகை இருக்க வேண்டிய இடத்தில் சாக்கு மூட்டைகளில் மண் நிரப்பி அடைக்கிறார்கள். மூட்டைகளின் இடுக்கில் நீர் கசிந்து வாய்க்காலில் வீணாகப் போகும் ஓசை, இரவில் கழனிப் பக்கம் போகிறவர்களுக்குக் கேட்கும்.

"மாமா, உங்கள் வீட்டு ஓட்டு நாலும் எனக்குத்தான் என்று நினைத்திருக்கிறேன்" என்றான் பையன்.

"ஏரிக் கணக்கு என்ன ஆயிற்று, தம்பி?" என்றேன்.

அவன் முகம் வாடியது. "அது அப்பா காலத்து விஷயம். அப்போது எனக்கு எட்டு வயசு. அதற்கு நான் என்ன மாமா செய்யட்டும்?"

நியாயமான கேள்வி. அன்றிரவு வெகுநேரம் அது என்னைத் தூங்கவிடவில்லை.

தமிழர்களாகிய நமக்குப் பிற தேசத்தாரைப் போலக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த ஜாதிப் பட்டத்தையும் பலர் மனமுவந்து உதறினார்கள். 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அதற்கு ஒரு பெரிய தூண்டுதல். ஆனால் தகப்பனார் பெயரின் தலையெழுத்து மட்டும் நம்மோடு நிலைத்துவிட்டது. கிராமத்தில் புதியவன் ஒருவனைப் பார்த்ததும் வயதானவர்கள் கேட்கும் முதல் கேள்வி "நீ யார் மகன்?" என்பதுதான். அந்தக் கேள்வியில் பாசமும் உண்டு, விசாரணையும் உண்டு. மந்திரியின் மகன், முதலமைச்சரின் மகன், பிரதமரின் பேரன் என்று வருகிற அபேட்சகர்களுக்கு அந்த ஒற்றை எழுத்து, பல ஆண்டுகள் கட்சிக்காக உழைத்தவர்களுக்குக் கிட்டாத ஆஸ்தியாக இருப்பதை நாம் பாரதம் முழுவதும் காண்கிறோம். தகப்பனார் செய்த புண்ணியத்தை வரவில் எழுதிக்கொண்டு ஓட்டுக் கேட்கிறவர், அவர் வைத்த பாக்கியைச் செலவில் எழுதக் கூடாது என்று சொல்வாரேயானால், அந்தப் பேரேட்டில் எங்கோ பிசகு இருக்கிறது. பரம்பரை பொருட்டல்ல என்றால் இரண்டு பக்கத்திலும் பொருட்டல்ல.

இந்த யோசனையெல்லாம் எனக்குப் புதிதாக வந்ததல்ல. பல ஆண்டுகளுக்கு முன் உத்திரமேரூருக்குப் போய், வைகுண்டப் பெருமாள் கோவில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்களைப் பார்த்த நாளிலிருந்தே மனத்தில் கிடந்ததுதான். வெயில் சாய்கிற வேளையில் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்போது, கல்லில் வெட்டிய எழுத்துக்கள் ஒவ்வொன்றும் தன் சிறு நிழலோடு எழுந்து நிற்கும். விரலை வைத்தால் எழுத்தின் ஆழம் தெரியும். 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் வெட்டப்பட்டவை அவை. ஊரைக் குடும்பு என்னும் முப்பது வட்டாரங்களாகப் பிரித்து, தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சபையார் முன்னிலையில் ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பிக்கும் குடவோலை முறையைப் பற்றி நம் குழந்தைகள் பள்ளியில் படிக்கிறார்கள். ஆனால் அந்தச் சாசனத்தில் ஒரு பெரிய பகுதி, யார் பெயரை ஓலையில் எழுதவே கூடாது என்பதைப் பற்றியது. அதைப் படிக்கிறவர்கள் குறைவு.

முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள்; கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம்; சொந்த மனையில் வீடு; நேர்மையாக ஈட்டிய பொருள்; கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் என்னும் சபைக் குழுவில் இருந்திராமை. இவையெல்லாம் தகுதிகள். விலக்குகளில் முன்னால் நிற்பவர் யார் என்று பார்த்தால், கொலை செய்தவரல்லர், கள் குடித்தவரல்லர். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர்! அவருடைய பெயர் மட்டுமன்று, அவருடைய மகன், தகப்பன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், மைத்துனர், சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள் என்று உறவுமுறைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, இவர்கள் ஓலையும் குடத்தில் விழலாகாது என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

முதன்முறை அதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒருவன் செய்த பிழைக்கு அவன் அத்தை மகனைத் தண்டிப்பது என்ன தர்மம் என்று கேட்டுக்கொண்டேன். பின்னால், ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் என்ன வேலை செய்தன என்பதைப் படித்து, வைரமேக தடாகம் என்னும் பேரேரியின் பராமரிப்பு ஏரி வாரியத்தின் கையில் இருந்ததை அறிந்த பிறகு, வேறு விதமாகத் தோன்றலாயிற்று. அந்த விதி இரத்தத்தைக் குற்றம் சாட்டவில்லை. பணம் எங்கே தங்கியிருக்கும் என்பதைப் பார்த்தது. பொதுப்பணம் ஒரு வீட்டில் போய் நின்றுவிட்டால், அதை உண்டு வளர்பவர்கள் அந்த வீட்டார். பின்னொரு நாள் அதே வீட்டார் வாரியத்தில் அமர்ந்தால், பழைய கணக்கைக் கேட்க வேண்டியவரே அதை மூட வேண்டியவராகவும் ஆகிவிடுவார். பத்தாம் நூற்றாண்டிலேயே எங்கள் ஊர்க் கதை நடந்திருக்கிறது. அதற்கு மருந்தும் எழுதியிருக்கிறார்கள்.

அந்தச் சாசனத்தில் எனக்கு ஒப்பாத இடங்களும் உண்டு. அது ஒரு பிரம்மதேயத்து, அதாவது பிராமணர்களுக்குத் தானமாக விடப்பட்ட ஊரின், சபைச் சட்டம். வேதம் ஓதிய நிலவுடைமையாளரான ஆண்களைத் தவிர வேறெவருக்கும் அந்தக் குடத்தில் இடமில்லை. சில குற்றங்களுக்குப் பிராயச்சித்தம் செய்துகொண்டவர்களைக்கூட உயிருள்ளளவும் விலக்கிவிடுகிறது. மனிதன் மாறுவான் என்பதை நம்பாத சட்டம் அது. காந்தியடிகள் பதினைந்து வயதில் தமையனாரின் கைக்காப்பிலிருந்து ஒரு துண்டுப் பொன்னைத் திருடினார். பிறகு தாங்காமல், எல்லாவற்றையும் எழுதி, நோயுற்றுப் படுத்திருந்த தகப்பனாரின் கையில் கொடுத்தார். தகப்பனார் அதைப் படித்துக் கண்ணீர் விட்டுக் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். இதைக் காந்தியடிகளே தம் சத்திய சோதனையில் எழுதாதிருந்தால் உலகத்துக்குத் தெரிந்திராது. செய்த தவற்றைத் தானே சொன்னவனிடம் அந்தத் தவறு தங்குவதில்லை என்பது என் அபிப்பிராயம். மறைத்தவனிடம் அது நாள்தோறும் புதிதாகச் செய்யப்பட்டுக்கொண்டிருக்கிறது.

நம் காலத்துச் சட்டமும் சும்மா இருக்கவில்லை. 2002-லும் 2003-லும் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளுக்குப் பிறகு, சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ நிற்கும் ஒவ்வொருவரும் தம்மீதுள்ள குற்ற வழக்குகளையும், தமது சொத்தையும், மனைவி அல்லது கணவர், தம்மைச் சார்ந்தோர் சொத்தையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள். இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர், விடுதலைக்குப் பின்னும் ஆறு ஆண்டுகள் நிற்க முடியாது. வெற்றி வாய்ப்பு ஒன்றையே காரணமாகச் சொல்லிக் குற்ற வழக்குள்ளவரை நிறுத்தக் கூடாது என்று 2020-ல் கட்சிகளுக்கு அதே நீதிமன்றம் சொன்னது. இவ்வளவும் இருக்க, 2024-ல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 543 பேரில் 251 பேர் தம்மீது குற்ற வழக்குகள் இருப்பதாகத் தாமே எழுதிக் கொடுத்தவர்கள் என்று ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறது. 2009-ல் அந்த எண் 162.

வழக்கு என்றால் எல்லாம் ஒன்றல்ல என்பதை நான் அறிவேன். 1930-ல் உப்புக் காய்ச்சியதற்காக வேதாரண்யத்தில் பிடிபட்ட ராஜாஜியும், அதே சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற காமராஜரும், பின்னால் சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரிகளானார்கள். அவர்களுடைய சிறைவாசமே அவர்களுக்கு யோக்கியதாபத்திரம். இன்றும் குடிநீர் கேட்டுச் சாலை மறியலில் உட்கார்ந்தவர்மீது வழக்கு இருக்கிறது. ஆள் கடத்தியவர்மீதும் வழக்கு இருக்கிறது. பத்திரத்தில் இரண்டும் ஒரே பகுதியில்தான் இடம்பெறும். பிரித்துப் படிக்க வேண்டியவர்கள் நாம். "கோர்ட்டில் ருசுவாகட்டும், பிறகு பேசுங்கள்" என்று அடிக்கடி ஒரு வாதம் கேட்கிறோம். கோர்ட்டுக்கு அது சரி. ஒரு மனிதனைச் சிறையில் அடைக்க வேண்டுமானால் ஐயமறக் குற்றம் நிரூபணமாகத்தான் வேண்டும். நான் யாரையும் சிறையில் அடைக்கப் போகவில்லை. என் களஞ்சியத்துச் சாவியை ஒருவர் கையில் கொடுக்கப் போகிறேன். சாவியைக் கொடுக்கிறவனுக்குச் சந்தேகப்பட உரிமை உண்டு.

மறுநாள் அந்தப் பையனை வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். வந்தான். "தம்பி, உன் அப்பா செய்ததற்கு நீ பொறுப்பில்லை. ஆனால் அந்த ஆறு வருஷத்து நோட்டு உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அதைக் கொண்டுவந்து கோவில் வாசலில் ஊரார் முன்னால் படித்துவிடு; பணம் இல்லை என்றால் இல்லை என்றே சொல்; என் வீட்டு நாலு ஓட்டும் உனக்குத்தான்" என்றேன். அவன் வெகுநேரம் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அப்பா பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார், மாமா. இந்த நிலைமையில் அவரைச் சந்தி சிரிக்க வைக்கச் சொல்கிறீர்களா?" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும் மனம் கலங்கிற்று; பெற்றவரைக் காப்பது பிள்ளையின் கடமையல்ல என்று யாரால் சொல்ல முடியும்? ஆயினும், தன் வீட்டுப் பெரியவரிடம் கணக்குக் கேட்க நா எழாதவனுக்கு, ஒப்பந்தக்காரரிடமும் அதிகாரியிடமும் எப்படி எழும் என்று நான் எண்ணினேன். அவனுக்கு நான் ஓட்டுப் போடவில்லை. அவனைப் பிடிக்காமல் அல்ல.

அவன் 41 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தான். ஐந்து ஆண்டு தலைவனாக இருந்து, தெருவிளக்கும் சாலையும் நன்றாகவே செய்தான். அதை நான் எவரிடமும் மறுக்கமாட்டேன். அவன் தகப்பனார் இடையில் காலமானார். நோட்டு வெளியே வரவில்லை. கீழ் மதகில் இந்தக் கார்த்திகையிலும் சாக்கு மூட்டைதான் அடைத்தார்கள்.