தனித்திருத்தலும் தனித்து விடப்படுதலும்

மனிதனைக் குறிக்கும் ‘இன்ஸான்’ என்னும் அரபுச் சொல் எவ்வேரிலிருந்து பிறந்தது என்பதில் இலக்கண அறிஞரிடையே பழைய வழக்கொன்று உண்டு. ‘உன்ஸ்’ என்பதே வேர் என்றனர் பஸராவினர். உன்ஸ் என்றால், கூடிப் பழகுவதால் அச்சம் நீங்கி உள்ளம் ஒட்டும் நேசம். கூஃபாவினரோ ‘நிஸ்யான்’, அதாவது மறதி, என்பதே வேர் என்றனர். மனிதன் பழகும் இயல்பினனா, மறக்கும் இயல்பினனா? இரண்டும் அவனிடம் உண்டு. கடல் கடந்து சென்று இல்லம் காக்கும் நம் பெண்மக்களின் நிலையை நோக்குங்கால், முதற்பொருள் அவர்களுடைய தேவையையும், இரண்டாம் பொருள் ஊரிலிருக்கும் நம்முடைய போக்கையும் காட்டுவதாகவே தோன்றுகிறது.

முன்னாளில் கடல் கடந்தோர் ஆடவரே. சபுராளிகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் சென்றனர். பெண்கள் ஊரில் இருந்தனர். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மணமான மகளும் தாய்வீட்டையோ, அதனருகே தனக்கெனக் கொடுக்கப்பட்ட வீட்டையோ விட்டு அகன்றாளில்லை. காயல்பட்டினத்தில் பெண்கள் பெருந்தெருவில் இறங்காமலே வீட்டுக்கு வீடு சென்றுவர ‘முடுக்கு’ எனும் குறுகிய சந்துகள் அமைந்தன. கணவனைப் பிரிந்திருந்த துயரை நாம் சிறிதாக்கிப் பேசவில்லை. ஆயினும் அவளுக்குப் பேச்சுத்துணை தேட வேண்டியிருந்ததில்லை. அது கிணற்று நீர்போல் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

இன்று நிலை மாறிவிட்டது. கணினிப் பணிக்காக அமெரிக்கா செல்லும் கணவனுடன் மனைவியும் செல்கிறாள். பிரிவு இல்லை, ஆனால் ஊர் இல்லை. அந்நாட்டுப் புறநகர் தற்செயலாக அமைந்ததன்று. வீடுகள் ஓரிடம், கடைகள் வேறிடம் என வகுக்கும் நகரப் பகுப்பு விதிகள் செல்லும் என 1926-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் 1947-இல் தொடங்கிய லெவிட்டவுன் குடியிருப்பில், சில ஆண்டுகளுக்குள் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள் ஒரே சாயலில் எழுந்தன. 1956-இல் வந்த நெடுஞ்சாலைச் சட்டம் நாடெங்கும் பெருஞ்சாலைகளை விரித்தது. இவையெல்லாம் சேர்ந்து, கார் உடையவருக்கே ஊர் உடைமை என்ற நிலையை உண்டாக்கின.

இத்தகைய புறநகர் ஒன்றில், நியூஜெர்சி மாநிலத்தில், நம் பெண்ணொருத்தியின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் கணவன் புறப்படுகிறான். மூத்த பிள்ளையை மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து தெருமுனையில் ஏற்றிக்கொள்கிறது. அங்கே ஒரு குஜராத்திப் பெண், ஒரு சீனப் பெண், ஓர் எகிப்தியப் பெண் எனத் தாய்மார் சிலர் நிற்கின்றனர். ஐந்து நிமிடப் பேச்சு. பிறகு அவரவர் கதவு அடைபடுகிறது. இளைய குழந்தையுடன் அவள் தனித்திருக்கிறாள். அயல் வீட்டுக் கதவை முன்னறிவிப்பின்றித் தட்டுவது அங்கு வழக்கமன்று. பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவதற்குக்கூட நாளும் நேரமும் முன்னரே குறிக்க வேண்டும். பனிக்காலமாயின் பூங்காவும் இல்லை. உம்மாவிடம் பேசலாமென்றால், அவளுக்குப் பிற்பகல் இரண்டு மணி ஆகையில், கோடையில் நமக்கு இரவு பதினொன்றரை, குளிர்காலத்தில் பன்னிரண்டரை. அவளுடைய நீண்ட பொழுது நம்முடைய உறக்கப் பொழுதாகிவிடுகிறது.

படித்த பெண்ணாயினும், கணவனைச் சார்ந்த ‘எச்-4’ விசாவில் சென்றவள் பணிபுரிய நெடுங்காலம் அனுமதி இருந்ததில்லை. 2015 மே மாதம் முதல் அவர்களுள் ஒரு பகுதியினருக்கே அது கிட்டியது.

“அவளுக்கு என்ன குறை? பெரிய வீடு, கார், நல்ல கணவன். பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள்” என்கிறோம் நாம். இங்குதான் நாம் சிந்திக்கற்பாலதொரு வினா எழுகிறது. பொறுமை உயர்ந்த பண்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் பிறர் முயன்றால் நீக்கக்கூடிய ஒரு துன்பத்துக்கு, துன்புறுவோரிடம் பொறுமையை மட்டும் உபதேசிப்பது அறமாகுமா?

இமாம் கஸ்ஸாலி (1058–1111) தம் இஹ்யாவில் தோழமையின் கடமைகளைப் பேசும் நூற்பகுதியை அடுத்தே ‘உஸ்லா’ எனும் ஒதுங்கி வாழ்தலைப் பற்றி ஒரு பகுதி வைத்தார். ஒதுங்குவதால் வழிபாட்டுக்கு ஓய்வு கிட்டும், புறம் பேசும் பாவத்தினின்று தப்பலாம் என்று அதன் நன்மைகளைச் சொன்னவர், கலந்து வாழ்வதன் நன்மைகளையும் எண்ணி உரைத்தார். கற்றல், கற்பித்தல், பணிவு, அனுபவம் ஆகியவற்றோடு, உன்ஸைப் பெறுதலையும் பிறருக்கு அதனை அளித்தலையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார்.

ஒதுங்கி வாழ்வோன், கதவு திறந்திருக்க, தானே அதனைச் சாத்திக்கொள்கிறான், வேண்டும்போது திறப்பான். அது தனித்திருத்தல். நம் பெண்ணோ அப்படி எதனையும் தேர்ந்துகொள்ளவில்லை. அவள் நிலை தனித்து விடப்படுதல். முன்னது தவமாகலாம், பின்னது பசியைப் போன்றது. நோன்பாளியின் பசியையும் உணவற்றவனின் பசியையும் நாம் ஒன்றென்பதில்லை. உணவற்றவனிடம் நோன்பின் மாண்பைப் பேசிவிட்டு நகர்வாரும் இல்லை. 2023-இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி வெளியிட்ட அறிக்கை, உறவற்ற தனிமை உயிருக்கு விளைக்கும் கேட்டை நாள்தோறும் பதினைந்து சிகரெட் வரை புகைப்பதன் கேட்டோடு ஒப்பிட்டது. எனவே இதனைச் செல்லச் சிணுங்கல் என்று ஒதுக்கிவிட இயலாது.

“பெண்கள் கூடினால் வீண்பேச்சுத்தானே” என்பாரும் உளர். வீண்பேச்சு ஆண்களின் திண்ணையிலும் உண்டு. அந்தச் சிறு சந்திப்புகளில்தான் எந்த மருத்துவர் நல்லவர், காய்ச்சலுக்குப் பிள்ளையை எப்போது பள்ளிக்கு அனுப்பலாகாது, கார் ஓட்டக் கற்பிப்போர் யார் என்பனவெல்லாம் கைமாறுகின்றன. பேறுகாலத்தில் உம்மா வர இயலாதபோது சோறு சமைத்து வருபவளும் அவ்வாறு அறிமுகமானவளே.

ஊரில் வழக்கமாயிருந்தது அங்கே முயன்று செய்யும் நற்செயலாகிறது. குழம்பில் நீரைச் சற்றுக் கூட்டியேனும் அயலாரை நினைக்குமாறு பெருமானார் (ஸல்) பணித்தார்கள். தாளிப்பின் மணம் அடுத்த வீட்டை எட்டாத தொலைவில் வீடுகள் இருக்குமிடத்தில், அக்கட்டளை நம்மை நடக்கச் சொல்கிறது. ‘ஜார்’ எனும் அரபுச் சொல் அயலாரையும் குறிக்கும், அடைக்கலம் தருவோரையும் குறிக்கும். நமக்கு முன் அங்குச் சென்று ஊன்றியோர், புதிதாய் வந்தவளின் கதவை முதலில் தட்டட்டும். கணவன்மார் மனைவிக்குக் கார் ஓட்டக் கற்பிப்பதை ஆடம்பரமென எண்ணாமல், வீட்டுக்கு வாசல் வைப்பதைப் போன்றதெனக் கொள்ளட்டும். அவளும் பொது நூலகத்தில் சிறுபிள்ளைகளுக்குக் கதை சொல்லும் நேரத்துக்கும், ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிவாசல் வகுப்புக்கும் கூச்சம் களைந்து செல்லட்டும். பேருந்து நிறுத்தத்து ஐந்து நிமிடத்தைத் தேநீர் அருந்தும் அரைமணியாக்க ஒருவர் முந்திக்கொண்டால் போதும். மொழியும் சமயமும் வேறான பெண்களைத் தோழியராக்கும் வாய்ப்பு, முடுக்குகளில் உலவிய அவள் பாட்டிக்குக் கிட்டாதது.

ஊரிலுள்ளோர்க்கும் ஒரு கடமை உண்டு. மகள் அழைக்கும்போது வீட்டின் அளவையும் சம்பளத்தையும் கேட்கிறோம். “இன்று யாருடன் பேசினாய்?” என்று கேட்போமாக. “யாருமில்லை” என்பது மறுமொழியாயின், பொறுமை உபதேசத்தை நிறுத்தி, அவளருகே குடியிருக்கும் நமக்குத் தெரிந்த குடும்பம் எதுவெனத் தேடத் தொடங்குவோமாக.